பாரம் எந்தக் காலில்?

போன மாதம் கராத்தே, பாக்சிங் மாதிரியான சண்டைக் கலைகளில் முகத்துக்கு முன்னால் கையை எப்படி வைப்பது என்று எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கையைப் பற்றியே பேசவில்லை. எப்படி நிற்பது, எந்தக் காலில் உடம்பின் பாரம் எவ்வளவு போடுவது என்று எல்லாம் காலைப் பற்றிய கேள்விகள்தான். எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், திரும்பத் திரும்ப அடி வாங்குகிற பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்தால் கோளாறு கையில் இருக்காது, இடுப்புக்குக் கீழே இருக்கும். அதனால் இந்த இதழில் கால் கேள்விகள் மட்டும்.

நான்கு வருடமாக ஷோட்டோகான் கராத்தே படிக்கிறேன். ஜென்குட்சு டாச்சி என்கிற, முன்காலை மடக்கி நிற்கும் நிலையில் முன்காலில் 60, பின்காலில் 40 சதவீதம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது ஒரு பாக்சிங் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன், அங்கே கோச் "பாதி பாதி நில்லு" என்கிறார். முவே தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) வீடியோக்களில் பாரம் பின்காலில்தான் என்கிறார்கள். மூன்று பேர் மூன்று கணக்கு சொன்னால் நான் எதைப் பிடிப்பது மாஸ்டர்?
(கல்லூரி மாணவர், மதுரை)

மூன்றுமே சரிதான் தம்பி. ஒவ்வொருவரும் வேறு வேறு நொடியைப் பற்றி, வேறு வேறு ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் வருகிறது.

கராத்தேயை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் நிலைகளில் ஜென்குட்சுவில் 60-40, கொக்குட்சுவில் பின்காலில் 70, கிபா டாச்சியில் சரிபாதி, நெக்கோ ஆஷியில் பின்காலில் கிட்டத்தட்ட 90. இதையெல்லாம் பெல்ட் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் ஜென்குட்சு நிற்கிற இடம் இல்லை, போய்ச் சேருகிற இடம். ஓய் சுக்கி, அதாவது ஒரு எட்டு முன்னே வைத்துக் குத்துகிற குத்து, குத்தும்போது பின்கால் தரையைத் தள்ளுகிறது, உடம்பு முன்னே பாய்கிறது, குத்து போய்ச் சேருகிற அதே நேரத்தில் முன்கால் தரையில் பதிந்து வருகிற பாரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த ஒரு நொடியைப் படம் பிடித்தால் 60-40 இருக்கும். கட்டாவில் (தனியாகச் செய்து காட்டுகிற அசைவு வரிசையில்) அங்கே நிறுத்திக் காட்டச் சொல்வது, பாரம் எங்கே போய் முடிய வேண்டும் என்பதைக் காலுக்குப் பழக்குவதற்காக. எதிராளிக்காகக் காத்திருக்கிற நேரத்தில் யாரும் அப்படி நிற்பதில்லை. உலகக் கராத்தே போட்டிகளின் குமித்தே (நேருக்கு நேர் மோதல்) ஆட்டத்தைப் பாருங்கள், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் ஆட்டங்களையே பாருங்கள், இரண்டு பேரும் ஜென்குட்சுவைவிடச் சின்ன இடைவெளியில், முழங்கால் லேசாக மடங்கி, பாரம் நடுவில் வைத்துத் துள்ளிக்கொண்டிருப்பார்கள். புள்ளி எடுக்கப் பாய்கிற நேரத்தில் மட்டும் நீங்கள் படித்த ஜென்குட்சு ஒரு கணம் வந்துவிட்டுப் போகும்.

இப்போது எழுந்து நின்று ஒன்று செய்து பாருங்கள். நீளமாக ஜென்குட்சுவில் நின்று, பாரத்தை நன்றாக முன்காலில் போட்டு, உடம்பை அசைக்காமல் முன்காலை மட்டும் தூக்குங்கள். முடியாது. முதலில் இடுப்பு பின்னால் போக வேண்டும், பாரம் பின்காலுக்கு மாற வேண்டும், அப்புறம்தான் முன்கால் தரையை விடும். அந்த இடைப்பட்ட நேரம் கண் சிமிட்டுகிற அளவுதான், ஆனால் எதிரே நிற்பவருக்கு அது போதும். பாரம் ஏறிய காலால் தள்ள முடியும், தூக்க முடியாது. பாரம் இல்லாத காலைத் தூக்க முடியும், அதை வைத்துத் தள்ள முடியாது. நான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுப்பதில் இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை என்று நினைக்கிறேன். அதனால் எத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட, இந்த நொடியில் எந்தக் காலை உடனே தூக்க வேண்டியிருக்கும், எந்தக் காலால் உடனே தள்ள வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். அதற்கு என்ன பதில் என்பதை நீங்கள் ஆடுகிற ஆட்டத்தின் விதிகள் சொல்லிவிடும்.

முவே தாயில் எதிராளி உங்கள் தொடையில் உதைக்கலாம். அதைத் தடுக்க முன்காலைத் தூக்கிக் கணுக்கால் எலும்புக்கு மேலே இருக்கிற முன்னெலும்பில் வாங்க வேண்டும். அதே முன்காலால் 'டீப்' என்கிற தள்ளு உதையும் கொடுக்க வேண்டும். அதனால் முன்கால் எப்போதும் லேசாக, சில நேரம் தாளம் போடுகிற மாதிரி இருக்கும், பாரம் பின்காலில் இருக்கும். பாக்சிங்கில் காலில் அடிக்க யாரும் இல்லை. முன்னே போவதும் பின்னே வருவதும் பக்கவாட்டில் விலகுவதும் ஒரே அளவுக்கு வேண்டும், எனவே நடுவில் வை என்கிறார் உங்கள் கோச். கியோக்குஷின் கராத்தேயில் கையால் முகத்தில் குத்தக் கூடாது என்பது விதி. அதனால் இரண்டு பேரும் நெஞ்சும் நெஞ்சும் உரசுகிற தூரத்தில், கிட்டத்தட்ட நேராகப் பார்த்து, இரண்டு காலிலும் அழுத்தி நின்று விலாவிலும் தொடையிலும் அடித்துக்கொள்கிறார்கள். முகக்குத்து இருக்கிற ஆட்டத்தில் அப்படி நின்றால் முதல் ரவுண்டிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று. பாக்சிங்கில் பாதி பாதி என்பதும் காத்திருக்கிற நேரத்துக்குத்தான். ஜாப் (முன்கை நேர்க்குத்து) போகும்போது பாரம் கொஞ்சம் முன்னே வரும், கிராஸ் (பின்கை நேர்க்குத்து) குத்தும்போது பின்காலிலிருந்து முன்காலுக்கு இன்னும் ஏறும், அங்கிருந்து இடது ஹூக் (வளைத்துக் குத்துவது) வரும்போது திரும்பப் பின்காலுக்குப் போகும். மூன்று குத்துக்குள் கணக்கு மூன்று தடவை மாறிவிடுகிறது. எல்லாம் முடிந்ததும் திரும்ப நடுவுக்கு வருகிறதா என்பதைத்தான் உங்கள் கோச் பார்க்கிறார். கராத்தேக்காரர்கள் கிராஸ் குத்திவிட்டு முன்காலிலேயே தங்கிவிடுவார்கள், நான்கு வருடப் பழக்கம் அது. உங்களுக்கும் அது இருக்கும். கிராஸ் குத்தி முடித்ததும் மூக்கு முன்முழங்காலைத் தாண்டியிருக்கிறதா என்று யாரையாவது பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள்.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் எனக்கு நடுவில் நிற்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கோச் தினமும் "முன்னால சாயாதே" என்று கத்துகிறார். என் பாரம் நிஜமாக எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்)

கண்ணாடி இதற்கு உதவாது. அதில் உருவம் தெரியும், பாரம் தெரியாது. எடை பார்க்கிற மெஷின் இரண்டு வேண்டும், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று வீட்டில் இருக்கும், இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். முள் சுற்றுகிற பழைய மாடலாக இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் டிஜிட்டல் மெஷின்கள் பல ஒரு எண்ணைக் காட்டி அதிலேயே நின்றுவிடும், நீங்கள் அசைவது தெரியாது. ஒன்றில் முன்பாதம், ஒன்றில் பின்பாதம் வைத்து உங்கள் வழக்கமான ஸ்டான்ஸில் நில்லுங்கள். குனிந்து பார்க்காதீர்கள், குனிந்தாலே பாரம் முன்னே போய்விடும், வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். 60 கிலோ இருக்கிறவருக்கு இரண்டிலும் 30 காட்டினால் சரிபாதி. முன்னே 36, பின்னே 24 என்றால் ஜென்குட்சு கணக்கு.

பலருக்கும் நடுவில் நிற்பதாகத் தோன்றுகிற நிலையிலேயே முன்மெஷின் நாலைந்து கிலோ கூடக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் தலை. பயத்தில் தாடையை மறைக்கிறோம் என்று தலையை முன்னே நீட்டுவோம், தலை போகிற பக்கம் பாரமும் போகும். அதனால் "சாயாதே" என்று கோச் சொன்னவுடன் இடுப்பைப் பின்னே தள்ளாதீர்கள், அது பிருஷ்டத்தை நீட்டி நிற்கிற இன்னொரு கோளாறில் கொண்டுபோய் விடும். தலையை இடுப்புக்கு மேலே கொண்டுவாருங்கள், போதும்.

முள் மெஷின் கிடைத்தால், அதன் மேல் நின்றபடியே ஜாப், கிராஸ் இரண்டையும் ரொம்ப மெதுவாகச் செய்து முள் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேகமாகக் குத்தினால் மெஷின் சறுக்கும், ஆபத்து, வேண்டாம். மெஷினே இல்லை என்றால் நண்பரை எதிரே நிறுத்தி, அவர் "முன்" அல்லது "பின்" என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் காலை ஒரு அங்குலம் தூக்குங்கள். தோள் அசையாமல் எந்தக் கால் மேலே வருகிறதோ அதில் பாரம் குறைவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சிரமத்தில் வந்தால் நடுவில் இருக்கிறீர்கள்.

என் மகளுக்கு 13 வயது. டேக்வாண்டோ போட்டியில் உதைக்கும்போதெல்லாம் கீழே விழுந்துவிடுகிறாள், விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி போகிறது. நன்றாகச் சாப்பிட வைத்தால் காலில் பலம் வரும் என்று சொல்கிறார்கள். உண்மையா?
(ஒரு தாய், ஈரோடு)

சகோதரி, சாப்பாடு நல்லதுதான், ஆனால் விழுவதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்கிற புள்ளி 'காம்ஜம்' என்கிற தண்டனைப் புள்ளி. கீழே விழுந்தால், எல்லைக் கோட்டைத் தாண்டினால், எதிராளியைப் பிடித்தால் எல்லாம் கொடுப்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து மார்புக் கவசத்திலேயே மின்னணுக் கருவி வந்துவிட்டது, பாதத்தில் அணிகிற உறையும் அதோடு சேர்ந்து வேலை செய்கிறது. அதன் பிறகு இந்த ஆட்டத்தின் நிற்கிற முறையே மாறிப்போனது. முன்பெல்லாம் பின்காலைச் சுழற்றிப் பலமாக உதைப்பார்கள், அதற்குப் பாரம் நடுவில் இருந்து முன்காலுக்கு மாறும். இப்போது பக்கவாட்டில் திரும்பி நின்று, முன்காலை மடக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, வாள்சண்டை போடுகிற மாதிரி அதாலேயே தொட்டுத் தொட்டுப் புள்ளி எடுக்கிறார்கள். அப்படியென்றால் பிள்ளை பாதி நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று அர்த்தம். வெறும் பின்கால் மட்டுமே தாங்குகிறது.

அவள் விழுகிற வீடியோவைப் போட்டுப் பாருங்கள். உதை மேலே போகும்போது தலையும் தோளும் பின்னால் மல்லாந்து போகிறதா? நிற்கிற காலின் குதிகால் எதிராளியின் பக்கம் திரும்பாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டு பாதமும் உதைப்பதற்கு முன்னால் ஒரே கோட்டில், கயிற்றின் மேல் நடப்பது போல இருக்கிறதா? இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். பாதங்கள் ஒரே கோட்டில் இருந்தால் முன்னும் பின்னும் உறுதி, ஆனால் பக்கவாட்டில் லேசாகத் தொட்டாலே சாய்ந்துவிடுவாள். ஒரு பாதத்தின் அகலம் அளவுக்குக் கோட்டிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். வீட்டில் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு முன்காலைத் தூக்கி வைத்து நிற்பது, பிறகு இரண்டு விரல் மட்டும் சுவரில், பிறகு கையே இல்லாமல், இப்படி ஒரு மாதம் செய்யட்டும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 12, 13, 14 வயதில் கால் எலும்பு வேகமாக நீளும். போன வருடம் சரியாக இருந்த உடம்புக் கணக்கு இந்த வருடம் தப்பும், நன்றாக ஆடிய குழந்தை திடீரென்று தடுமாறும். இது குறை இல்லை, வளர்ச்சி. சில மாதங்களில் உடம்பு புதிய நீளத்துக்குப் பழகிவிடும். அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டி, ஆட்டத்தையே விட்டுவிட வைத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே அல்லது குதிகாலில் வலி என்று சொன்னால் மட்டும் பொறுக்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டு இடத்திலும் வலி வருவதுண்டு, ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் இடதுகைக்காரன். வலதுகாலை முன்னே வைத்துத்தான் நிற்க வேண்டுமா?
(வாசகர், ஓசூர்)

கட்டாயம் இல்லை. பலமான கை பின்னால் இருந்தால் குத்துக்குப் பலம், முன்னால் இருந்தால் ஜாப்புக்கும் ஹூக்குக்கும் பலம். ஆஸ்கர் டி லா ஹோயா இடதுகைக்காரர், ஆனால் இடதுகாலை முன்னே வைத்துத்தான் ஆடினார், அவருடைய இடது ஹூக் எவ்வளவு பேரைச் சாய்த்தது என்று பாக்சிங் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரு மாதம் நின்று பாருங்கள். எந்தப் பக்கம் பின்னால் நகர்வது எளிதாக இருக்கிறதோ அதைப் பிடியுங்கள். முன்னால் போவது எல்லாருக்கும் எல்லாப் பக்கமும் வரும்.

பாக்சிங் ஸ்டான்ஸில் நன்றாக ஆடுகிற எனக்கு, கிக் பாக்சிங் ஜிம்மில் ஸ்பாரிங் போனால் முன்காலின் கெண்டைக்காலில் இரண்டு உதை வாங்கியதும் ஆட்டமே முடிந்துவிடுகிறது. நிற்கவே முடிவதில்லை. நான் பலவீனமானவனா, அல்லது ஸ்டான்ஸ் தப்பா?
(ஜிம் பயிற்சியாளர், சென்னை)

பலவீனம் இல்லை தம்பி. உலகத்தில் பெரிய பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அபுதாபியில் நடந்த யு.எஃப்.சி. என்கிற கலப்புச் சண்டைப் போட்டியில் டஸ்டின் பொய்ரியே, கானர் மெக்ரெகரை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினாரே, முடித்தது கைதான், ஆனால் வழி போட்டது கெண்டைக்கால் உதை. மெக்ரெகர் அன்றைக்கு அகலமாக, முன்காலில் அழுத்தி, குத்துக்குத் தயாராக நின்றார். வலது முன்காலின் வெளிப்பக்கத்தில் உதை விழ விழ, அந்தக் கால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அப்புறம் நகர முடியாத ஆளைக் குத்துவது எவ்வளவு நேரம் ஆகும்?

ஏன் இப்படி ஆகிறது என்று பாருங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கத்தில், ஒரு நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை. தொடையில் இருக்கிற மாதிரி அங்கே மூடிக் காக்கச் சதை கிடையாது. உதை விழும்போது காலில் பாரம் இல்லையென்றால் கால் அடியோடு சேர்ந்து போகும், அடியில் பாதி வீணாகும். பாரம் முழுக்க அந்தக் காலில் ஊன்றியிருந்தால் கால் எங்கேயும் போக முடியாது, அடி முழுவதையும் நின்ற இடத்தில் வாங்கும். நட்டு வைத்த கம்பத்தை அடிப்பதற்கும் தொங்குகிற கயிற்றை அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதோடு, பாக்சிங்கில் முன்பாதத்தை உள்பக்கம் திருப்பி வைப்பார்கள், தோளை மறைப்பதற்கு அது நல்லது, ஆனால் கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தை எதிராளிக்குத் திறந்து காட்டுகிறது.

இது இன்றைக்கு வந்த பிரச்சினையும் இல்லை. 1976 ஜூன் 26, டோக்கியோ புடோகான் அரங்கம், முகமது அலியும் ஜப்பான் மல்யுத்தக்காரர் அன்டோனியோ இனோக்கியும் மோதினார்கள். இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலில் உதைத்தார், 15 ரவுண்டில் நூறுக்கும் மேல். குத்துவதற்கு எதிரே முகமே இல்லை. ஆட்டம் சமனில் முடிந்தது, அலி கால் வீங்கி, ரத்தம் கட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. உலகத்தின் மிக அழகான கால் வேலை அவருடையது. 1980-ல் அவர் சென்னைக்கு வந்து கண்காட்சிப் போட்டி ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் அந்தக் காலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அது பாக்சிங் விதிக்குள் பிறந்து வளர்ந்த கால். விதி மாறிய அன்று அந்த நிற்கிற முறையால் அவருக்கே பதில் சொல்ல முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஸ்டான்ஸை அரை அடி குறுக்குங்கள். முன்பாதத்தை எதிராளியை நோக்கி நேராக்குங்கள். பாரத்தை ஒரு பங்கு பின்னுக்குக் கொண்டுபோங்கள், ரொம்பப் போனால் உங்கள் ஜாப் செத்துவிடும், அதனால் கொஞ்சம்தான். எதிராளியின் இடுப்பு திரும்புகிற நேரத்தில் முன்காலை வெளிப்பக்கமாகத் தூக்கி முன்னெலும்பில் வாங்குங்கள், அல்லது ஒரு அடி பின்னே எடுங்கள். முக்கியமாக, கிராஸ் குத்திவிட்டு அங்கேயே நிற்காதீர்கள். கிராஸ் முடிகிற நேரத்தில்தான் உங்கள் முன்காலில் பாரம் முழுக்க ஏறியிருக்கும், விவரம் தெரிந்தவன் அதற்காகத்தான் காத்திருப்பான்.

உங்கள் ஜிம்முக்கும் ஒன்று சொல்கிறேன், இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஸ்பாரிங்கில் கெண்டைக்கால் உதையை முழு பலத்தோடு விட அனுமதிக்கக் கூடாது. ஷின் கார்டு (முன்னெலும்புக் கவசம்) போட்டு, தொடுகிற அளவுக்கு மட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இப்படி வாங்கிய பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல், நடக்கும்போது விரல் தரையில் தேய்த்துக்கொண்டு போய், சரியாகப் பல வாரம் ஆனது. அவனுக்கு வயது 19. உங்களுக்கு எப்போதாவது அடுத்த நாளும் பாதம் மேலே வரவில்லை என்றால் ஐஸ் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

சிலம்பம் சுற்றுகிறேன், கூடவே குத்துவரிசையும் பழகுகிறேன். எம்.எம்.ஏ. (கலப்புச் சண்டை) ஆடுகிற நண்பர்கள் "உங்க காலடி எல்லாம் ஆட்டம் ஆடத்தான் உதவும், சண்டைக்கு ஆகாது" என்கிறார்கள். மனது புண்படுகிறது.
(வாசகர், தூத்துக்குடி)

புண்பட வேண்டாம், ஆனால் அவர்கள் சொல்வதில் எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பாருங்கள். கையில் ஆள் உயரக் கம்பு இருக்கும்போது சண்டையின் தூரமே வேறு. எதிராளி உங்களைத் தொடவே இரண்டு மூன்று எட்டு வைக்க வேண்டும். அந்த இடைவெளி இருப்பதால்தான் காலைக் குறுக்கே போட்டுத் திரும்பவும், ஒரு காலில் முழுப் பாரத்தையும் ஏற்றிச் சுழலவும், நாலு பக்கமும் பார்த்து வீசவும் முடிகிறது. பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கம்பின் வேகமே அங்கிருந்துதான் வருகிறது. கம்பை எடுத்துவிட்டு, குத்து எட்டுகிற தூரத்தில் நின்று, அதே மாதிரி காலைக் குறுக்கே போட்டால் அந்த நொடியில் ஒரு தள்ளு போதும், விழுந்துவிடுவீர்கள். உங்கள் நண்பர்கள் பார்த்தது இதைத்தான்.

அதனால் வெறுங்கை ஸ்பாரிங் போகும்போது கால்களைக் குறுக்கே போடாதீர்கள், முன்னே போனால் முன்கால் முதலில், பின்னே வந்தால் பின்கால் முதலில், இடப்பக்கம் இடதுகால் முதலில். மற்றபடி சிலம்பத்தில் நீங்கள் சம்பாதித்தது வீண் போகாது. பாரத்தைத் தயக்கமில்லாமல் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது என்பது பாக்சிங் ஆடுகிற பல பேருக்கு வருடக் கணக்கில் வராத வித்தை, உங்கள் ஆசான் அதைச் சின்ன வயதிலேயே காலில் ஏற்றிவிட்டிருப்பார். நண்பர்களை ஒரு நாள் கம்போடு வரச் சொல்லுங்கள், அவர்களும் நீங்களும் இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளலாம்.

வயது 46. கராத்தே மறுபடி தொடங்கியிருக்கிறேன். தாழ்ந்து நின்றால்தான் ஸ்டான்ஸ் என்கிறார் மாஸ்டர். முழங்கால் வலிக்கிறது.
(வாசகர், திருச்சி)

உயரமாக நில்லுங்கள் ஐயா. தாழ்ந்து நிற்பது தொடை பலத்துக்கான பயிற்சி, ஸ்பாரிங்குக்கு அது தேவையில்லை. முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறதோ பாதத்தின் விரல்களும் அதே பக்கம் பார்க்க வேண்டும், முழங்கால் உள்ளே சரிந்து பாதம் வெளியே பார்த்தால் வலி நிச்சயம். குறிப்பாக கொக்குட்சு மாதிரிப் பின்காலில் பாரம் ஏற்றுகிற நிலைகளில் பின்முழங்காலைக் கவனியுங்கள், அதுதான் தெரியாமல் உள்ளே சரியும். இதைத் திருத்தியும் வலி நிற்கவில்லை என்றால் முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து தொடருங்கள். உங்கள் மாஸ்டரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், நல்ல மாஸ்டர் கேட்டுக்கொள்வார்.

குமித்தேயில் எல்லாரும் துள்ளுகிறார்கள். நானும் துள்ளுகிறேன், ஆனால் என்னைக் காலை வாரி விட்டுப் புள்ளி எடுத்துவிடுகிறார்கள். துள்ளுவதை நிறுத்திவிடவா?
(பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி)

நிறுத்த வேண்டாம் பாப்பா, துள்ளல் எதற்கு என்று தெரிந்துகொண்டு துள்ளு. நின்ற இடத்தில் இருந்து கிளம்புவதைவிட, ஏற்கனவே அசைந்துகொண்டிருக்கிற உடம்பு சீக்கிரம் கிளம்பும். தரையை அழுத்துகிற நேரம் வரும்போது அந்த அழுத்தத்தையே பாய்ச்சலாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று கடிகாரம் மாதிரித் துள்ளினால் எதிராளி மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். உயரமாகத் துள்ளினால் இன்னும் மோசம், காற்றில் இருக்கிற நேரம் உன்னால் எதுவுமே செய்ய முடியாது.

காலை வாருவதற்கு ஆஷி பராய் என்று பெயர், ஜூடோவில் டே ஆஷி பராய் என்று இதே வேலையைச் செய்வார்கள். அதன் ரகசியம் முழுக்க நேரம்தான். பாரம் முழுதாக ஏறிய காலை வார முடியாது, மரத்தை உதைக்கிற மாதிரி இருக்கும். பாரமே இல்லாத காலை வாரினால் அது தானாக விலகிவிடும், நீ விழ மாட்டாய். பாரம் ஏறத் தொடங்கி, இன்னும் முழுதாக ஏறாத அந்த நடு நொடியில் வாரினால்தான் ஆள் விழுகிறது. நீ துள்ளி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த நொடியை எதிராளிக்குக் கொடுக்கிறாய், அதுவும் ஒரே தாளத்தில் கொடுக்கிறாய். விழுந்த உன் மேல் அவள் சரியாக ஒரு குத்து வைத்துவிட்டால் இப்பொன், மூன்று புள்ளி. உலகக் கராத்தே விதியில் அதற்கு மேல் புள்ளி கிடையாது.

பாதம் தரையை விட்டு ஒரு தாள் நுழைகிற அளவுக்கு மேல் எழும்ப வேண்டாம். குதிகால் மட்டும் மேலும் கீழும் போனால் போதும், முன்பாதம் தரையைத் தொட்டபடியே இருக்கலாம். அவள் எட்டுகிற தூரத்துக்கு வெளியே இருக்கும்போது துள்ளு, எட்டுகிற தூரத்துக்குள் வந்த உடனே துள்ளலை விட்டுச் சறுக்கு நடைக்கு மாறு. நடுநடுவே தாளத்தை வேண்டுமென்றே உடை, இரண்டு துள்ளு, ஒரு நிறுத்தம், ஒரு துள்ளு. வாரத்தில் ஒரு நாள் தோழியைக் கூப்பிட்டு மூன்று ரவுண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருவர் முன்பாதத்தை இன்னொருவர் லேசாகத் தொட்டால் ஒரு புள்ளி என்று ஆடுங்கள். மேட் மேலே மட்டும், ஷூ இல்லாமல். ஒரு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எழுது.